ஏஎஸ்வி குப்பி: நான்கு பாம்புக்கு ஒரே மருந்து, ஆனால் ஒரே பலன் இல்லை

பாம்பு நஞ்சு முறிவு மருந்துக் குப்பியின் சீட்டில் நான்கு எண்கள் இருக்கும். ஒரு மி.லி. மருந்து நல்ல பாம்பின் நஞ்சில் 0.6 மி.கி., கட்டுவிரியன் நஞ்சில் 0.45 மி.கி., கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மி.கி., சுருட்டை விரியன் நஞ்சில் 0.45 மி.கி. முறிக்கும் என்பது அதன் பொருள். எல்லாம் உலர்ந்த நஞ்சின் எடைக் கணக்கு. இந்தியாவில் எந்த நிறுவனத்தின் பலவகைப் பாம்பு நஞ்சு முறிவு மருந்தை வாங்கினாலும் இதே எண்கள்தான். பல பத்தாண்டுகளாக அவை மாறவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ஏஎஸ்வி என்றுதான் கேட்பார்கள். 10 மி.லி. குப்பி, உள்ளே வெள்ளைப் பொடிக் கட்டி அல்லது நீர்ம மருந்து.

நான்கு பாம்புக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும் என்ற எண்ணத்தை அந்தச் சீட்டு தருகிறது. அப்படி இல்லை. நஞ்சு பரவிய பாம்புக்கடிக்கு இதை விட்டால் வேறு முறிவு மருந்து நம் நாட்டில் இல்லை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சுருட்டை விரியனிடம் இது காட்டும் திறமையைக் கட்டுவிரியனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். காரணம் அந்தந்த நஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

பாம்பு நஞ்சை உலர்த்தினால் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் புரதமும் பெப்டைடும்தான். மீதி துத்தநாகம், கால்சியம் போன்ற அயனிகள், சிட்ரேட், நியூக்ளியோசைடுகள். நஞ்சுக்கு மஞ்சள் நிறம் தருவது எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதியோடு ஒட்டியிருக்கும் ஃபிளேவின். குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது புரதங்களின் கலவை. நாகக் குடும்பத்தில் நல்ல பாம்பு, ராஜநாகம், கடல் பாம்புகள் எல்லாம் அடக்கம். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியனும் இந்தக் குடும்பமே. இவற்றின் நஞ்சில் சிறிய புரதங்களின் ஆட்சி. மூவிரல் நச்சுகள் என்பவை 60 முதல் 75 அமினோ அமிலங்கள் கொண்டவை, எடை 6 முதல் 9 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). அடுத்து 13 முதல் 15 கிலோடால்டன் எடையுள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 நொதிகள். விரியன் குடும்பத்தில் கதை வேறு. அங்கே துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் மெட்டலோபுரோட்டினேஸ்கள், செரின் புரோட்டியேஸ்கள், சி-வகை லெக்டின்கள், டிஸ்இன்டெக்ரின்கள், இன்னொரு வகுப்பைச் சேர்ந்த பாஸ்போலிபேஸ் ஏ2. மெட்டலோபுரோட்டினேஸ்களில் பெரியவை 50 கிலோடால்டனைத் தாண்டும். இரட்டைச் சேர்க்கையாக இருப்பவை 100-ஐயும் தொடும்.

இந்த எடைக் கணக்கு முறிவு மருந்தை எப்படிப் பாதிக்கிறது என்றால், மருந்து தயாராவது குதிரையின் ரத்தத்தில். நான்கு நஞ்சையும் சிறுகச் சிறுக ஏற்றும்போது குதிரையின் உடல் பெரிய புரதத்தைச் சட்டென்று அன்னியன் என்று கண்டுகொள்ளும். அதற்கு எதிராக நிறைய எதிர்ப்புப் புரதம் சுரக்கும். 7 கிலோடால்டன் மூவிரல் நச்சு குதிரையின் கண்ணில் அவ்வளவாகப் படாது. ஆளைச் சாய்ப்பதில் முதலிடத்தில் இருக்கும் நச்சுக்கு மருந்தில் பங்கு குறைவு. இரண்டாவது சிக்கல் இடம். குதிரையின் எதிர்ப்புப் புரதத்தைப் பெப்சின் என்ற செரிமான நொதியால் வெட்டி எடுத்த இரட்டைக் கைத் துண்டுதான் குப்பிக்குள் இருக்கிறது, எடை சுமார் 110 கிலோடால்டன். அது பெரும்பாலும் ரத்தக் குழாய்க்குள்ளேயே சுற்றும். விரியன் நொதிகளும் ரத்தத்தில்தான் நாசவேலை செய்கின்றன, ஆகவே இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. நாகக் குடும்பத்து நச்சோ ரத்தத்தைவிட்டு நழுவி நரம்பு முனையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சுருட்டை விரியனை முதலில் எடுத்துக்கொள்வோம், மருந்து நல்ல பெயர் வாங்குவது இங்கேதான். இதன் நஞ்சில் மெட்டலோபுரோட்டினேஸ்கள் மிகுதி. எகாரின் என்பது அவற்றில் ஒன்று. அது ரத்தத்தில் உள்ள புரோத்ராம்பின் என்ற உறைவுப் புரதத்தை நேரடியாகத் தூண்டிவிடும். உறைய வேண்டிய சரக்கெல்லாம் சிறு சிறு உறைவாகத் தீர்ந்துபோய், பிறகு ரத்தம் உறையவே உறையாது; ஈறு, சிறுநீர், ஊசி போட்ட இடம் எங்கும் கசியும். மருந்து ஏறியதும் எகாரின் அடங்கும், கல்லீரல் புதிய உறைவுக் காரணிகளைத் தயாரித்துவிடும். தமிழ்நாட்டுச் சுருட்டை சின்ன உருவம், ஏற்றும் நஞ்சும் குறைவு. ஆனால் ராஜஸ்தானின் பாலைவனத்துச் சுருட்டை வேறு துணையினம். அங்கே இதே மருந்து திணறுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண்ணாடி விரியன் விஷயத்தில் பாதி வெற்றி, பாதி தோல்வி. நஞ்சில் உள்ள ஒரு மெட்டலோபுரோட்டினேஸ் ரத்தத்தின் 10-ஆம் உறைவுக் காரணியையும், ஒரு செரின் புரோட்டியேஸ் 5-ஆம் உறைவுக் காரணியையும் தூண்டுகின்றன. உறைதல் கோளாறை மருந்து சரிசெய்யும், ஆனால் குப்பிகள் நிறைய வேண்டும். கணக்கு இது: கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. நஞ்சை இறக்குகிறது, 5 முதல் 147 மி.கி. வரை போகலாம். ஒரு குப்பி முறிப்பது 6 மி.கி. சராசரிக் கடிக்கே 10 குப்பி தேவை, மோசமான கடிக்கு 25. முதல் டோஸ் 10 குப்பி என்று மருத்துவ நெறிமுறையில் இருப்பது இப்படி வந்ததுதான்.

மருந்தால் முடியாதது சிறுநீரகம். கடிபட்டு நேரம் போய் வந்த நோயாளிக்குச் சிறுநீரகத் திசு அடிபட்டிருந்தால் 30 குப்பி ஏற்றினாலும் அது மீளாது, டயாலிசிஸ்தான் வழி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இமை தொங்குவதும் உண்டு, பாஸ்போலிபேஸ் ஏ2 நரம்பைத் தொடுவதால். ரத்தம் உறையாமல் இமையும் தொங்கினால் இரண்டு பாம்பா என்று குழம்ப வேண்டியதில்லை, கண்ணாடி விரியனே அதைச் செய்யும்.

நல்ல பாம்பு நஞ்சில் இருவகை மூவிரல் நச்சுகள். ஒன்று, நரம்பின் கட்டளையை வாங்கும் தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைத்துக்கொண்டு மூச்சை நிறுத்துவது. மற்றது செல்லின் சவ்வைக் கிழிப்பது. கடித்த இடம் வீங்கிக் கறுத்து அழுகுவது அதனால்தான். முதல் வகை ஏற்பியின் மேல் வெளியே உட்கார்ந்திருப்பதால் மருந்துக்கும் கொஞ்சம் எட்டும். கூடவே நரம்பின் கட்டளை தசைக்கு எட்ட உதவும் நியோஸ்டிக்மின் ஊசி கைகொடுக்கும்: பெரியவருக்கு அட்ரோபின் 0.6 மி.கி. போட்டுவிட்டு நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. அரை மணி நேரத்தில் இமை தூக்குகிறதா என்று பார்ப்பார்கள். அழுகலுக்கு மருந்து ஏறக்குறைய பயனில்லை. விரல் கறுக்க ஆரம்பித்த பிறகு, 'இன்னும் ஐந்து குப்பி போடுங்கள் டாக்டர்' என்று உறவினர் கேட்பது வழக்கம். அந்த ஐந்தும் விரலைக் காப்பாற்றாது. வீக்கத்தைச் சுற்றி மருந்தைக் குத்துவதும் வீண், ஆபத்தும்கூட.

குறைந்த மதிப்பெண் கட்டுவிரியனுக்கு. அதன் நஞ்சில் முக்கியமானது பீட்டா-பங்காரோடாக்சின் வகை: ஒரு பாஸ்போலிபேஸ் ஏ2-வும் ஒரு சின்னத் துணைப் புரதமும் கைகோத்தது, இரண்டும் சேர்த்துச் சுமார் 21 கிலோடால்டன். துணைப் புரதம் நரம்பு முனையைத் தேடிப் பிடிக்கும், நொதி உள்ளே புகுந்து முனையை அழிக்கும். அழிந்த முனை மறுபடி முளைத்தால்தான் தசை அசையும். அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். புகுந்துவிட்ட நச்சை எந்த எதிர்ப்புப் புரதமும் பிடித்து வெளியே இழுக்காது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதை மட்டுமே ஏஎஸ்வி துடைக்கும். நியோஸ்டிக்மினும் இங்கே எடுபடாது. அதனால்தான் கட்டுவிரியன் கடியில் உயிர் காப்பது வென்டிலேட்டர். 10 குப்பி போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னும் 10. அதற்கு மேல் ஏற்றுவதில் பொருள் இல்லை. இந்தப் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் படுத்தவரைக் கடிக்கும், வலியே தெரியாது, பல் பட்ட தடமும் இருக்காது. விடியற்காலை வயிற்று வலி என்று எழுபவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நச்சு நரம்புக்குள் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மருந்தின் பலவீனமும் நோயாளியின் தாமதமும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

சீட்டில் இல்லாத பாம்புகளைப் பற்றிச் சுருக்கமாக. மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் உள்ள ஹம்ப்-நோஸ்டு குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணிக் குப்பி குப்பியாக ஏற்றுவது நடக்கிறது. ரத்தம் உறையாது, ஒவ்வாமை மட்டும் மிஞ்சும். மலைகளின் பச்சைக் குழிவிரியன்களும் பட்டியலில் இல்லை. வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகமும் அங்குள்ள மற்ற கட்டுவிரியன்களும் நாகக் குடும்பமே ஆனாலும், கலவை மாறுவதால் முறிவு அரைகுறை. கடல் பாம்பின் நஞ்சு மூவிரல் நச்சும் பாஸ்போலிபேஸும் மட்டுமே போன்ற எளிய கலவை. கடற்கரை ஆஸ்பத்திரியில் ஏஎஸ்வி இருந்தாலும் அது இதற்கானது அல்ல. ஆஸ்திரேலியா கடல் பாம்புக்குத் தனி மருந்து வைத்திருக்கிறது, நம்மிடம் கிடையாது.

இந்த மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கியது. பிடித்துவரும் பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்து, வாரம் ஒரு தடவை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருந்தின் தரத்துக்கு இதில் ஒரு நன்மை, ஒரு குறை. நஞ்சு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரப் பாம்புகளுடையது என்பதால் வட தமிழகத்துக் கடிக்கு மருந்து நன்றாகப் பொருந்துகிறது. அதே மருந்து பஞ்சாபுக்கும் அசாமுக்கும் போகும்போது அந்தப் பொருத்தம் தளர்கிறது. ஒரே இனமாக இருந்தாலும் ஊர் மாறினால் நஞ்சின் கலவை மாறும் என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சு சேகரிக்கும் இடங்கள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

சீட்டு எண்ணைப் பற்றி இன்னொன்று. அது எலியில் பார்த்த எண். நஞ்சையும் மருந்தையும் சோதனைக் குழாயில் முன்கூட்டியே கலந்து, கொஞ்ச நேரம் வைத்து, பிறகு எலிக்கு ஊசி போடுகிறார்கள். கடிபட்ட மனிதரிடம் நஞ்சு முன்னே ஓடுகிறது, மருந்து பின்னே துரத்துகிறது. அதனால் 6 மி.கி. என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயன்படுத்தும் விதத்துக்கு வருவோம், குறைகள் இங்கேயும் உண்டு. பொடிக் குப்பியை 10 மி.லி. ஊசி நீரில் கரைக்க வேண்டும். குலுக்கக் கூடாது: நுரை கட்டும், புரதமும் கெடும், நுரைக்குள் சிக்கிய மருந்து சிரிஞ்சுக்கு வராது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும், கட்டி கரைந்து தெளியும்வரை. சில தயாரிப்புத் தொகுதிகள் (பேட்ச்) சட்டென்று கரையும், சில பிடிவாதம் பிடிக்கும். ஒரே நர்ஸ் 10 குப்பியை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தால் நோயாளி காத்துக்கிடப்பார். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் உருட்டுவதுதான் சரி. இந்த ஒரு விஷயத்தில் நீர்ம மருந்து வெல்கிறது. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடவே கூடாது, ஆயுள் 2 ஆண்டுதான். பொடிக்கு ஆயுள் சுமார் 5 ஆண்டு, குளிர்ந்த இடம் போதும். மின்வெட்டு வரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொடியே நல்லது. எதுவானாலும் கரைத்த பிறகு கலங்கலாகவோ இழை இழையாகவோ தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

பெரியவருக்குக் கரைத்த மருந்தை நார்மல் சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் டிரிப்பாக ஏற்றுவார்கள், முதல் 10, 15 நிமிடம் மெதுவாக. குழந்தைக்கும் அதே எண்ணிக்கைக் குப்பிதான். பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சு இறக்குவதில்லை. கலக்கும் நீரைத்தான் குறைக்க வேண்டும், கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு: 10 குப்பி கரைத்தாலே 100 மி.லி. ஆகிவிடும். 10 கிலோ குழந்தைக்கு அதுவே மேல்வரம்பு, மேற்கொண்டு சலைன் சேர்க்க இடமே இல்லை. தசையில் ஊசியாகப் போடுவது எந்த வயதினருக்கும் கூடாது. மெதுவாக உறிஞ்சும், ரத்தம் உறையாதவருக்கு அங்கேயே ரத்தக்கட்டு உண்டாகும்.

யாருக்குப் போடுவது என்பதில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இன்னும் நம்பத்தக்கது. 2 மி.லி. ரத்தம், சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். இல்லாத நஞ்சுக்கு 10 குப்பி வீணாகும். முதல் சோதனையில் உறைந்தாலும் நோயாளியை அனுப்பிவிடக் கூடாது, 24 மணி நேரம் பார்க்க வேண்டும். மருந்து ஏறிய பின் அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. கல்லீரல் காரணிகளைத் தயாரிக்க அவ்வளவு நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்திலேயே உறையவில்லை என்று மறுபடி ஏற்றுவது பொறுமையின்மை, மருந்துக்கும் நட்டம். நஞ்சு ஏறிய அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, பாம்பைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னாலும், மருந்து வேண்டாம். நஞ்சு இறக்காத வெற்றுக் கடிகள் நிறைய உண்டு.

மருந்தின் பெரிய குறை ஒவ்வாமை. குப்பிக்குள் இருக்கும் குதிரைப் புரதத்தில் நஞ்சைப் பிடிக்கக்கூடியது சிறு பகுதியே, மற்றது சும்மா கூட வருவது. அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரலாம். முன்கூட்டித் தோலில் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் எதையும் கணிக்காது. நேரத்தைத் தின்னும், நோயாளியை இன்னும் ஒவ்வாமைக்குத் தயார்படுத்தும். இன்னமும் சில இடங்களில் அது நடக்கிறது, விட்டுவிட வேண்டிய பழக்கம். முன்தடுப்பாக எது உதவும் என்பதை இலங்கையில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது: தோலுக்கடியில் 0.25 மி.கி. அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது; ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் குறைக்கவில்லை. ஒவ்வாமை வந்தேவிட்டால் டிரிப்பை நிறுத்தி, பெரியவருக்குத் தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி., குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. அடங்கியதும் அதே மருந்தை மெதுவாகத் தொடர வேண்டும். ஒவ்வாமை வந்தது என்று ஏஎஸ்வியையே கைவிடுவது நஞ்சிடம் நோயாளியை ஒப்படைப்பது. அட்ரினலின் சிரிஞ்சில் இழுத்துத் தயாராக இல்லாமல் முதல் குப்பியைத் தொடவே கூடாது.

ஒரு மணி நேரத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது வேறு, தயாரிப்பின்போது மருந்தில் கலந்துவிடும் காய்ச்சலூட்டிகளால் வருவது. ஒரே தொகுதி எண்ணில் பலருக்கு அப்படி வந்தால் அந்த எண்ணைக் குறித்துப் புகார் அனுப்புங்கள். கடைசியாக வருவது சீரம் நோய்: வீட்டுக்குப் போய் ஒரு வாரம் போல் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு, நெறி கட்டுதல். பாம்பு விஷம் மறுபடி தலைதூக்கிவிட்டது என்று பயந்து சிலர் மந்திரிக்கப் போகிறார்கள். பிரெட்னிசோலோன் மாத்திரை சில நாள் கொடுத்தால் அடங்கிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இதைத் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.